அம்மா பார்க்கிற காற்று 10 மீட்டர்ல அடிக்குது

வானிலை மாடல் பத்தி யார் பேசினாலும் முதல்ல வர்ற கேள்வி ஒண்ணுதான்: எத்தனை கிலோமீட்டர்? 2025 மே மாசம் பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம் வந்தப்போ நான் படிச்ச செய்தி எல்லாத்துலயும் தலைப்பு "6 கிலோமீட்டர்". எங்க ப்ராஜெக்ட் ரிவ்யூவிலயும் பேனல் அதைத்தான் கேட்டாங்க. "3 கிலோமீட்டர் சார்"னு சொன்னதும் திருப்தியா தலையாட்டினாங்க. மேல்நோக்கி எத்தனை லெவல் வச்சிருக்கேன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா பத்து நிமிஷம் பேசியிருப்பேன். அந்தப் பத்து நிமிஷத்தை இங்க எழுதறேன்.

மாடல்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பூமிக்கு மேல இருக்கிற காற்றைப் பெட்டி பெட்டியா வெட்டிக்கணும். ஒவ்வொரு பெட்டிக்கும் காற்றோட வேகம், வெப்பம், ஈரம், அழுத்தம்னு ஆளுக்கொரு நம்பர். அடுத்த சில நொடிகள்ல அந்த நம்பர் எப்படி மாறும்னு இயற்பியல் சமன்பாடு சொல்லும். அதை வச்சு நகர்த்திக்கிட்டே போனா நாளைக்கு வந்துடும். இதுல பெட்டியோட நீள அகலத்தைத்தான் எல்லாரும் "எத்தனை கிலோமீட்டர்"னு கேக்கறாங்க. பெட்டியோட உயரம்தான் என் விஷயம்.

பெட்டின்னு சொன்னதும் அட்டைப்பெட்டி மாதிரி கற்பனை பண்ணாதீங்க. என் மாடல்ல தரையை ஒட்டின பெட்டி 3 கிலோமீட்டர் அகலம், 50 மீட்டர் உயரம். அதாவது 60-க்கு 1. அரை சென்டிமீட்டர் தடிமன்ல ஒரு அடி அகலத்துக்கு ஊத்தப்பம் ஊத்தினா வர்ற வடிவம் அது. காற்றுமண்டலமே அப்படித்தான் இருக்கு. கோயம்புத்தூர்ல இருந்து பொள்ளாச்சி சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ல போய்ட்டு வர்ற தூரம். அந்த ரோட்டை அப்படியே நிமிர்த்தி வானத்துல சாத்தி வச்சா, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல அழுத்தம் தரையில இருக்கிறதுல 300-ல ஒரு பங்கு கூட இருக்காது. பூமியோட காற்றுல பாதி முதல் ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளயே முடிஞ்சுடுது. மழை, மேகம், புயல், நாம மூச்சு விடறது எல்லாம் இந்த மெல்லிசான தோலுக்குள்ளதான் நடக்குது.

அதனால மேல்நோக்கி வெட்டும்போது சம இடைவெளியில வெட்ட மாட்டாங்க. ஈசிஎம்டபிள்யூஎஃப்னு சொல்ற ஐரோப்பிய மையத்தோட மாடல்ல 2013-ல இருந்து 137 லெவல் இருக்கு. உச்சி சுமார் 80 கிலோமீட்டர். அடியில முதல் லெவல் 10 மீட்டர் உயரத்துல, அடுத்தது 31, அப்புறம் 54, 79, 107. இப்படி முதல் 1 கிலோமீட்டருக்குள்ள மட்டும் 20. மிச்சம் 117-ஐ வச்சு பாக்கி 79 கிலோமீட்டரையும் சமாளிக்கிறாங்க. அமெரிக்காவோட ஜிஎஃப்எஸ் மாடல் 2021 மார்ச்ல 64-ல இருந்து 127-க்கு ஏறிச்சு. நொய்டாவில இருக்கிற நம்ம என்சிஎம்ஆர்டபிள்யூஎஃப் ஓட்டற உலக மாடல்ல 70.

இந்த இதழுக்குத் தமிழ்ல எழுதணும்னதும் "லெவல்"க்கு என்ன வார்த்தை போடறதுன்னு ஒரு ராத்திரி யோசிச்சேன். எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம், அதனால எனக்கு இதெல்லாம் மெனக்கெட்டுத்தான் வரும். கடைசியில கிடைச்சது கொத்தனார் சொல்ற "மட்டம்". ரசமட்டம் வச்சுப் பாக்கறாங்களே, அந்த மட்டம். ரெண்டு மட்டத்துக்கு நடுவுல இருக்கிறது "அடுக்கு". இந்த வித்தியாசம் மாடல்ல ரொம்ப முக்கியம். நான் ஓட்டின டபிள்யூஆர்எஃப் மாடல்ல காற்று மேல கீழ போற வேகம் மட்டத்துல இருக்கும். பக்கவாட்டுல அடிக்கிற வேகம், வெப்பம், ஈரம் எல்லாம் அடுக்கோட நடுவுல இருக்கும். ஆக, கீழ் அடுக்கு 50 மீட்டர் தடிமன்னா மாடலுக்குத் தெரிஞ்ச முதல் காற்று 25 மீட்டர்ல அடிக்குது. அதுக்குக் கீழ மாடலுக்குக் கண்ணு கிடையாது.

வார்த்தை கிடைச்சதுல சந்தோஷம்தான், ஆனா அதுலயும் ஒரு கோளாறு. மாடலோட மட்டம் மட்டமா இருக்காது.

ஏன்னு சொல்றேன். வானிலைக்காரங்க உயரத்தை மீட்டர்ல சொல்றதை விட அழுத்தத்துல சொல்றது ஜாஸ்தி. 850 ஹெக்டோபாஸ்கல்னா சுமார் ஒன்றரை கிலோமீட்டர், 500-னா ஐந்தரை, ஆறு கிலோமீட்டர்கிட்ட. மேப் பாக்க வசதியா இருக்கும். ஆனா அந்த அழுத்தத் தளத்தையே மாடலோட மட்டமா வச்சா மலை வந்து குறுக்க நிக்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல இருக்கு. அங்க தரையில அழுத்தமே 780 சொச்சம்தான். அப்போ ஊட்டியில 850 ஹெக்டோபாஸ்கல் காற்று எங்க அடிக்குது? மண்ணுக்குள்ள! ஆனா ஈஆர்ஏ5 மாதிரி டேட்டாவை டவுன்லோட் பண்ணிப் பாருங்க, ஊட்டிக்கும் 850-ல ஒரு நம்பர் இருக்கும். அது அளந்த காற்று இல்ல, மாடல்ல அடிச்ச காற்றும் இல்ல. கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு நீட்டிப் போட்ட கணக்கு. மலைக்குள்ள அடிக்கிற காற்றைப் பார்த்ததுல இருந்து எனக்கு எந்த டேட்டாவைப் பார்த்தாலும் "இது எந்த உயரத்து நம்பர்?"னு கேக்கற பழக்கம் ஒட்டிக்கிச்சு.

இந்த மலைப் பிரச்சினைக்கு 1957-ல நார்மன் பிலிப்ஸ் ஒரு வழி சொன்னார். ஓர் இடத்தோட அழுத்தத்தை அங்க தரையில இருக்கிற அழுத்தத்தால வகுத்துடு. தரை எங்க இருந்தாலும் அது 1, உச்சி 0. மட்டங்கள் எல்லாம் மலை மேல ஏறி இறங்கிப் போகும், எதுவும் மண்ணுக்குள்ள போகாது. அதுக்கு சிக்மான்னு பேர். அருமையான ஐடியா, ஆனா விலை இருக்கு. கட்டில்ல ஒரு தலையணையை வச்சு மேல போர்வையா அடுக்குங்க. பத்தாவது போர்வையிலயும் தலையணையோட மேடு தெரியும். அதே மாதிரி ஆனைமலைச் சரிவுல பல கிலோமீட்டர் மேல கூட மட்டம் சாஞ்சே கிடக்கும். சாஞ்ச மட்டத்துல பக்கவாட்டு அழுத்த வித்தியாசம் கணக்கு போட, எதிரெதிர் குறி உள்ள ரெண்டு பெரிய நம்பரைக் கூட்டணும். ரெண்டுலயும் இருக்கிற சின்னப் பிசிறு சேர்ந்து, அசையாத காற்றைக் கூட அசைய வச்சிடும். இல்லாத காத்து அடிக்கும். அதனால இப்போ பெரும்பாலும் கலப்பு மட்டம்: கீழ மலையோட வடிவம், மேல போகப் போக அழுத்தத் தளமாவே நிமிர்ந்துடும். டபிள்யூஆர்எஃப்-ல நாலாவது வெர்ஷன்ல இருந்து அதுதான் டிஃபால்ட்.

சரி, ஒரு மெக்கானிக்கல் பையனுக்கு இதெல்லாம் எதுக்கு?

எங்க ஊர் உடுமலைப்பேட்டைக்குப் பக்கம். மேற்குத்தொடர்ச்சி மலையில பாலக்காடுகிட்ட சுமார் 30 கிலோமீட்டருக்கு ஒரு இடைவெளி இருக்கு. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியா நெரிச்சுக்கிட்டு வந்து எங்க பக்கம் விரியும். பல்லடம், குடிமங்கலம், பூளவாடின்னு எங்க திரும்பினாலும் காத்தாடி நிக்கறதுக்கு அதுதான் காரணம். எங்கப்பா அதுல சர்வீஸ் டெக்னீஷியன். சேஃப்டி பெல்ட்டை மாட்டிக்கிட்டு டவருக்குள்ள ஏணியில 100 மீட்டர் ஏறி, மேல மெஷின் ரூமுக்குள்ளயும், சில நாள் அதோட கூரை மேலயும் நின்னு வேலை பார்க்கிறவர். மேல காத்து குறிப்பிட்ட அளவைத் தாண்டினா ஏறக் கூடாதுன்னு விதி இருக்கு. ஏறினப்புறம் தாண்டினா இறங்கணும்.

எங்கம்மா காலையில அஞ்சு மணிக்கு அடுப்பைப் பத்த வச்சதும் ஃபோன்ல வெதர் ஆப்பைத் திறப்பாங்க. மழையைப் பார்க்க மாட்டாங்க. காற்று எத்தனைன்னு மட்டும் பார்ப்பாங்க. "15-ன்னு போட்டிருக்குங்க, இன்னைக்குப் பரவால்ல"ன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு டிஃபன் பாக்ஸைக் கட்டுவாங்க. நான் ஸ்கூல் படிச்ச காலத்துல இருந்து இதைப் பார்க்கிறேன். அப்பா எதுவும் மறுத்துச் சொன்னதில்ல. எங்கிட்ட மட்டும் ஒருநாள் சொன்னார்: "வைகாசியிலயும் புரட்டாசியிலயும் பாரு கண்ணு, விடியக்காலம் கீழ ஒரு எலை அசையாது. மேல போனா சட்டையைப் புடுங்கும்."

அம்மா பார்த்த அந்த 15 எந்த உயரத்துக் காற்று? 10 மீட்டர். உலகம் பூரா வானிலை நிலையங்கள்ல காற்றுமானியை 10 மீட்டர் கம்பத்துல வைக்கணும்னு வழக்கம். அதோட ஒப்பிடத்தான் மாடல்களும் 10 மீட்டர் காற்றைக் கொடுக்குது. பெரும்பாலான ஆப்கள் அதையே எடுத்துப் போடுது. டபிள்யூஆர்எஃப் மாதிரி மாடல்ல அந்த 10 மீட்டர்ல பெட்டியே கிடையாதுன்னு மேல சொன்னேன் இல்லையா. 25 மீட்டர்ல இருக்கிற முதல் காற்றுல இருந்து, தரையோட சொரசொரப்பையும் சூட்டையும் வச்சு ஒரு சூத்திரத்தால கீழ இறக்கி எழுதின நம்பர் அது. ரஷ்யாவோட மோனின், ஒபுகோவ்னு ரெண்டு பேர் 1954-ல கொடுத்த கோட்பாடு அடிப்படை. கீழ இறக்கறதுக்குச் சூத்திரம் பொதுவா நல்லாவே வேலை செய்யும். மேல ஏத்தறதுக்குத்தான் வம்பு.

நம்ம விண்ட் எனர்ஜி பாடத்துல ஏழுல ஒரு பங்கு விதி படிச்சிருப்பீங்க. உயரம் பத்து மடங்கானா வேகம் சுமார் 1.4 மடங்கு. அதன்படி 10 மீட்டர்ல மணிக்கு 15 கிலோமீட்டர்னா 100 மீட்டர்ல 21. பரவால்லையேன்னு தோணும். ஆனா அந்த ஏழுல ஒண்ணு எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. பகல்ல வெயில் தரையைச் சூடாக்கி, காற்று மேலயும் கீழயும் புரண்டு நல்லா கலந்துடும். அப்போ மேல கீழ வித்தியாசம் கம்மி. ராத்திரி தரை குளிர்ந்ததும் புரள்றது நின்னு போகும். கீழ இருக்கிற காற்று செடி, வீடு, மரம்னு உரசி உரசி அடங்கிடும். மேல இருக்கிற காற்றுக்கு அந்த உராய்வு வந்து சேராது, அது பாட்டுக்கு ஓடும். அந்த மாதிரி விடியக்காலத்துல அடுக்குக்குறி 0.14-க்கு பதிலா 0.3, 0.4-ன்னு போகும். 0.3 வச்சா அதே 15 மேல 30 ஆகும். 0.4 வச்சா 38. வேகம் ரெண்டு மடங்குன்னா தள்ளுற விசை நாலு மடங்கு. ஆப்ல நம்பர் மட்டும் அதே 15.

எங்க ஊருக்கு மேல இன்னொரு சமாச்சாரம் ஓடுது. பி.வி. ஜோசப்பும் பி.எல். ராமனும் 1966-ல ஒரு கட்டுரை எழுதினாங்க: ஜூலையில தென்னிந்தியாவுக்கு மேல சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துல மேற்கிலிருந்து ஒரு பெருங்காற்று ஆறு மாதிரி ஓடுதுன்னு. கீழ் ஜெட். தலைக்கு மேல அந்த ஆறு, காலுக்குக் கீழ உரசி அடங்கின காற்று, நடுவுல அப்பா நிக்கிற 100 மீட்டர். அந்த 100 மீட்டருக்கு ஒரு நம்பர் வேணும். இதுதான் என் ப்ராஜெக்ட்.

டபிள்யூஆர்எஃப் தானா மட்டம் அமைச்சுக்கிட்டா கீழ் அடுக்கு 50 மீட்டர், அடுத்தது 65 மாதிரி, அதுக்கடுத்து 85கிட்ட. நடுப்புள்ளிகளைப் பார்த்தா 25, 82, 157. காத்தாடியோட இறக்கை 50-ல இருந்து 150 வரைக்கும் சுத்துதுன்னு வச்சுக்கோங்க. அந்த முழு வட்டத்துக்கும் மாடலுக்கு இருக்கிறது ஒரே ஒரு புள்ளி. அதை வச்சு ராத்திரி வளைவை எப்படிப் பிடிக்கிறது? அதனால கீழ் அடுக்கை 20 மீட்டராக்கி, 200 மீட்டருக்குள்ள நெருக்கி வச்சு இன்னொரு செட் ஓட்டினேன். இதுல ஒரு நல்ல விஷயம், செலவு. பெட்டியோட நீள அகலத்தைப் பாதியாக்கினா பெட்டி எண்ணிக்கை நாலு மடங்கு, நேரப்படியும் பாதியாகும், மொத்தம் எட்டு மடங்கு வேலை. மட்டத்தை இரட்டிப்பாக்கினா ஏறக்குறைய ரெண்டு மடங்குதான். எங்க லேப்ல இருக்கிற அந்த ஒத்தை ஒர்க்ஸ்டேஷனுக்கு எட்டு மடங்கு நடக்காத காரியம். ரெண்டு மடங்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டுட்டு ஊருக்குப் போனா திங்கக்கிழமை முடிஞ்சிருக்கும், நடுவுல கரண்ட் போகலைன்னா.

மட்டம் சேர்த்தா எல்லாம் சரியாகிடும்னும் நினைக்காதீங்க. ரிச்சர்ட்சன் கையாலயே கணக்கு போட்டு 1910 மே 20-க்கு முன்னறிவிப்பு செஞ்சு பார்த்து, அதை 1922-ல வெளியிட்டார். அவர்கிட்ட அஞ்சு அடுக்கு இருந்துச்சு. ஆறு மணி நேரத்துல 145 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் மாறும்னு வந்துச்சு, நிஜத்துல அன்னைக்கு அப்படி எதுவும் நடக்கல. 1950-ல சார்னி குழு எனியாக் கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு மட்டத்தை, 500 ஹெக்டோபாஸ்கலை மட்டும் வச்சு ஓட்டி நம்பற மாதிரி விடை எடுத்தாங்க. ரிச்சர்ட்சனுக்கு அடுக்கு குறைஞ்சு போகல, ஆரம்ப டேட்டாவுல காற்றும் அழுத்தமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகல. எனக்கும் அதே கதைதான் வேற ரூபத்துல. கீழ் அடுக்கை ரொம்ப மெலிசாக்கினா அந்த மோனின், ஒபுகோவ் சூத்திரம் தென்னந்தோப்புக்குள்ளயே மாட்டிக்கும், அங்க அது பொருந்தாது. ராத்திரி கலப்பை மாடல் எப்படிக் கணக்கு போடுதுங்கிற ஸ்கீம் சொதப்பினா, நூறு மட்டம் வச்சாலும் சொதப்பல் நூறு இடத்துல துல்லியமா தெரியும், அவ்வளவுதான்.

ரெண்டு செட்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தப்போ மதியத்துல பெருசா வித்தியாசமில்ல. காற்று கலந்து கிடக்கிற நேரம், எத்தனை மட்டம் வச்சாலும் ஒண்ணுதான். விடியக்காலத்துலதான் பிரிஞ்சுது. நெருக்கின செட்ல கீழ அடங்கி, 100 மீட்டர்கிட்ட வளைவு சட்டுனு சாஞ்சு ஏறிச்சு. அப்பா சொன்ன எலையும் சட்டையும் அந்த கிராஃப்ல இருந்துச்சு. கம்பெனி டேட்டா வெளிய தர மாட்டாங்க, அதனால அளந்த காற்றோட ஒப்பிட வழியில்ல. ஈசிஎம்டபிள்யூஎஃப் தன் மாடலுக்கு 100 மீட்டர் காற்றுன்னு தனியா ஒரு நம்பர் கொடுக்குது, இலவசமாவே. அதோட ஒப்பிட்டு ரிப்போர்ட் எழுதி முடிச்சேன்.

ரிப்போர்ட் முடிஞ்சுது. அம்மாகிட்ட சொல்றதா வேணாமான்னு மட்டும் முடியல. அந்த 15-ஐப் பார்த்துட்டுத்தான் அவங்க நிம்மதியா பாக்ஸைக் கட்டறாங்க. எப்படியும் ஏறலாமா வேணாமான்னு முடிவு பண்றது ஆப் இல்ல, டவர் உச்சியில இருக்கிற காற்றுமானி. அப்பாவும் அதை மதிக்கிற ஆள். அப்போ அம்மாவோட நம்பர் தப்பா இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்? அப்பா இத்தனை வருஷம் வாயைத் திறக்காததுக்கும் இதுதான் காரணம்னு நினைக்கிறேன். இன்னொரு பக்கம், ஒரு மனுஷி தினமும் நம்பி எடுத்துப் பார்க்கிற நம்பர் எதுவோடதுன்னு தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறது எனக்கு ஒப்பல.

பொங்கல் லீவ்ல அடுப்படியில உக்காந்து சொன்னேன். ஊட்டி மண்ணுக்குள்ள அடிக்கிற காத்துல ஆரம்பிச்சு, ஊத்தப்பம், போர்வை எல்லாம் சொன்னேன். கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல.

"அப்ப இத்தனை வருசமா நான் பாத்தது எந்தக் காத்து கண்ணு?"

"நம்ம வாசல் தென்னை மரத்துல அடிக்கிற காத்துங்கம்மா."

"அவரு இருக்கற எடத்துக் காத்து எங்கயாச்சும் போட்டிருக்குதா?"

இருக்குன்னேன். அன்னைக்கு ராத்திரியே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஈசிஎம்டபிள்யூஎஃப் வெளியிடற டேட்டா கால் டிகிரிக்கு ஒரு புள்ளி. எங்க ஊருக்குக் கிட்ட இருக்கிற 10.5 டிகிரி புள்ளி அமராவதி பக்கம் மலையடிவாரத்துல விழுது, அதனால அதை விட்டுட்டு வடக்க 10.75 புள்ளியை எடுத்துக்கிட்டேன், காத்தாடி நிக்கிற சமவெளி அதுதான். காலையில நாலே முக்காலுக்கு அம்மா ஃபோனுக்கு ரெண்டு நம்பர் போகும்: 10 மீட்டர்ல எவ்வளவு, 100 மீட்டர்ல எவ்வளவு.

ஒரு வாரம் பார்த்துட்டு ஃபோன் பண்ணாங்க. மொத நம்பரை எடுத்துடச் சொன்னாங்க. "தென்னை மரத்தை நான் ஜன்னல்லயே பாத்துக்கறேன்."